சர்க்கரை நோயின் வாயிற்படியில்: ஓர் அறிக்கையைப் புரிந்துகொள்ளுதல்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் குடும்பம் குடும்பமாக நாம் ஓரிடத்தில் கூடுவது இத்தகைய நாட்களில்தான். நான் கூற விழைவதும் தனிமனிதருக்கு உரிய செய்தியன்று. ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் குடும்பத்திற்கு உரிய செய்தி. ஆகவே விழாக் குழுவினர் அளித்த இவ்வாய்ப்பை நன்றியுடன் ஏற்றுக்கொள்கின்றேன்.

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கின்றார். அறிக்கையில் சர்க்கரை அளவு இயல்பைவிடச் சற்று மிகுந்துள்ளது. சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவை எட்டவில்லை. வீட்டிற்கு வந்து, “பார்டரில் இருக்கிறதாம்” என்கின்றார். அதைக் கேட்ட குடும்பம் இரண்டில் ஒன்றைச் செய்கின்றது. நோய் வந்துவிட்டதாகவே அஞ்சி, அவருக்குச் சோற்றை அடியோடு நிறுத்திவிடுகின்றது. அல்லது, நோய் இல்லை என்று மகிழ்ந்து, அறிக்கையை இழுப்பறையில் வைத்து மறந்துவிடுகின்றது. இவ்விரண்டும் அறிக்கையைச் சரியாகப் படித்ததன் விளைவு அல்ல.

வரப்பின்மேல் நிற்கும் உழவர், அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காத வரையில் கவலையின்றி நிற்கலாம். வரப்பு நகர்வதில்லை. இரத்தச் சர்க்கரையின் எல்லை அப்படிப்பட்டதன்று. அங்கு நிற்பவர் எதுவும் செய்யாது நின்றாலும், உடல் அவரை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே இருக்கும். மருத்துவர்கள் ‘ப்ரீடயாபடீஸ்’ என்றும், தமிழில் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றும் கூறுவது இதனையே. நகர்வைத் தடுக்கவோ, தாமதப்படுத்தவோ, சிலருக்குத் திருப்பவோ இயலும் காலம் இது.

அறிக்கையில் உள்ள மூன்று எண்கள்

நம் உடலில் ஓடும் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தத்தில் எந்நேரமும் கரைந்திருக்கும் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி அளவே ஆகும். இச்சிறு அளவை உடல் இரவும் பகலும் காத்து நிற்கின்றது. அக்காவல் எவ்வளவு உறுதியாக உள்ளது என்பதை மூன்று சோதனைகள் காட்டுகின்றன.

முதலாவது, எட்டு மணி நேரமேனும் உணவின்றி இருந்து வெறும் வயிற்றில் எடுப்பது. 100 மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை முந்தைய நிலை. 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. இது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோல். உலக சுகாதார நிறுவனமோ முந்தைய நிலையின் தொடக்கத்தை 110 என்று கொள்கின்றது. 104 என்ற அளவை ஓர் ஆய்வகம் இயல்பு என்றும் மற்றோர் ஆய்வகம் மிகுதி என்றும் அச்சிடுவதற்கு இவ்வேறுபாடே காரணம். ஆய்வகத்தின் பிழை என்று கருத வேண்டா.

இரண்டாவது, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது. 140-க்குக் கீழ் இயல்பு. 140 முதல் 199 வரை முந்தைய நிலை. 200-ம் அதற்கு மேலும் நீரிழிவு. வெறும் வயிற்று அளவு இயல்பாக இருந்தும் இவ்வளவு மட்டும் மிகுந்திருப்பவர்கள் நம் நாட்டில் பலர். வெறும் வயிற்றுச் சோதனை ஒன்றை மட்டுமே நம்புவோர் அவர்களைத் தவறவிடுகின்றனர்.

மூன்றாவது, ஹெச்பிஏ1சி எனப்படுவது. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கின்றன. அந்நாட்களில் அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் விழுக்காட்டை இது கூறும். 5.7-க்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை இது காட்டுவதால், சோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் இனிப்பைத் தவிர்த்துவிட்டு நல்ல எண்ணைப் பெற்றுவிட இயலாது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு இவ்வெண் உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். அண்மையில் இரத்தம் இழந்தவர்களுக்கும் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இது நம்பத்தக்கதன்று. நம் இல்லத்துப் பெண்கள் பலருக்கு இரத்தசோகை இருப்பதால், அவர்கள் ஹீமோகுளோபின் அளவையும் உடன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு நாள் எடுத்த ஒரே ஓர் எண்ணைக் கொண்டு முடிவு கட்டுதல் முறையன்று. காய்ச்சல், உறக்கமின்மை, ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் சர்க்கரையை உயர்த்தும். மற்றொரு நாள் சோதித்து உறுதி செய்துகொள்வதே தக்கது.

உடலுக்குள் நிகழ்வது யாது?

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. “ஐயா, சூரியன் மறைந்தபின் நான் ஒரு வாயும் உண்பதில்லை. மறுநாள் காலை வரை பதினான்கு மணி நேரம் வயிறு காலியாக இருக்கிறது. அப்படியிருந்தும் காலையில் சர்க்கரை 112 என்று வருகிறதே, அது எங்கிருந்து வந்தது?”

மிக நல்ல வினா இது. விடை கல்லீரலில் உள்ளது. நாம் உண்ணாத வேளையிலும் மூளை முதலிய உறுப்புகளுக்குச் சர்க்கரை தேவைப்படுகின்றது. அதனைக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சிறிது சிறிதாக விடுவிக்கின்றது. ‘போதும்’ என்று அதற்குக் கட்டளையிடுவது கணையம் சுரக்கும் இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அக்கட்டளை அதன் செவியில் ஏறுவதில்லை. நாம் உறங்கும்போதும் அது தேவைக்கு மேல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். காலை நேரத்து ஹார்மோன்களும் அதற்குத் துணை செய்யும்.

உணவுக்குப் பின் உயரும் சர்க்கரைக்கோ தசைகளே பெரும் பொறுப்பு. சோறும் இட்டலியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலந்தவுடன், அதில் பெரும்பகுதியை உள்வாங்க வேண்டியவை தசைகள். உழைக்காத தசை இன்சுலினுக்கு எளிதில் கதவு திறப்பதில்லை. கணையம் இன்னும் மிகுதியாக இன்சுலினைச் சுரந்து கதவைத் தட்டுகின்றது. இவ்வாறு பல ஆண்டுகள் எண்களை இயல்பாகவே வைத்திருக்கும். பின்னர்க் கணையத்தின் பீட்டா செல்கள் களைத்துப்போகும் கட்டத்தில்தான் அறிக்கையின் எண் முதன்முதலில் அசைகின்றது. ஆதலால் முந்தைய நிலை என்பது புதிதாக நேற்றுத் தொடங்கியதன்று. நெடுநாள் நிகழ்ந்த ஒன்று இன்று கண்ணுக்குத் தெரிகின்றது.

இந்நிலையில் பெரும்பாலோர்க்கு எவ்வித அறிகுறியும் இராது. மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் நோய் முற்றிய பின்னரே தோன்றுவன. “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்பது நலத்திற்குச் சான்றாகாது.

புலால் மறுத்த நமக்கு ஏன்?

“நாம் மாமிசம் உண்பதில்லை, மது அருந்துவதில்லை, தேனைக்கூடத் தொடுவதில்லை. நமக்கு ஏன் இந்நோய் வர வேண்டும்?” என்ற ஐயம் நம் மக்களிடையே உண்டு. புலால் மறுத்தல் அகிம்சையின் பொருட்டு நாம் ஏற்ற அறம். அதனால் விளையும் நன்மைகள் பல. ஆயினும் அரிசி, மைதா, சர்க்கரை, நெய், பொரித்த பலகாரம் அனைத்தும் சைவ உணவுகளே என்பதை மறந்துவிடலாகாது. தட்டில் எது இல்லை என்பதோடு, தட்டில் எது எவ்வளவு இருக்கின்றது என்பதையும் உடல் கணக்கில் கொள்கின்றது.

சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உள்ளது. நம் தட்டின் பெரும்பகுதி காலையில் இட்டலி, தோசை, பொங்கல், நண்பகலில் சோறு, மாலையில் மீண்டும் சிற்றுண்டி என்று அமைகின்றது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களின் சிற்றூர்களில் வாழ்ந்த நம் பாட்டனார்களும் நிறையச் சோறு உண்டனர். உண்டபின் அவர்கள் கழனிக்குச் சென்றனர், கவலை இறைத்தனர், அண்டை ஊர் ஜினாலயத்திற்கும் நடந்தே சென்றனர். சோற்றின் அளவை நாம் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டோம். உழைப்பை ஊரிலேயே விட்டுவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்டோம்.

மற்றொரு காரணம் இந்தியர் அனைவர்க்கும் பொதுவானது. மேலை நாட்டினரை நோக்க, மெலிந்த தோற்றத்திலும் நம் வயிற்றினுள் கொழுப்பு மிகுதி, தசை குறைவு. ஆகவே நம்மவர்க்கு உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே மிகை எடை என்று கொள்ளப்படுகின்றது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. தையற்காரரின் நாடா ஒன்று போதும். இன்றே வீட்டில் அளந்து பார்க்கலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்றும், முந்தைய நிலையில் இருப்போர் 13 கோடிக்கு மேல் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. இவ்விரண்டாம் எண்ணிக்கையில் உள்ளவர்களுக்காகவே இன்று பேசுகின்றேன்.

வினைப்பயன் என்று விடலாமா?

“என் தந்தைக்கு இருந்தது, தாய்க்கும் இருந்தது, எனக்கும் வந்தே தீரும். எல்லாம் வினைப்பயன்.” இவ்வாறு கூறி ஒதுங்கிவிடுவோர் உண்டு. மரபு வழியாக வரும் வாய்ப்பு உண்மையே. ஆனால் வந்தே தீரும் என்னும் முடிவு மருத்துவத்திற்கும் உடன்பாடன்று. நம் சமயத்திற்கும் உடன்பாடன்று. அனைத்தும் ஊழின்படியே நிகழும், முயற்சிக்குப் பயனில்லை என்ற ஆசீவகர் கொள்கையை மறுத்து நின்றது சமணம். முயற்சியாலும் தவத்தாலும் வினையை உதிர்க்கலாம் என்பதன்றோ நிர்ஜரைத் தத்துவம்?

மருத்துவ உலகில் இதற்குரிய சான்றுகள் மூன்றைக் கூறுகின்றேன்.

சீன நாட்டின் டாசிங் நகரில் 1986-இல் 577 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஆறு ஆண்டுகள் உணவிலும் உடலுழைப்பிலும் நெறிப்படுத்தப்பட்டவர்களை, முப்பது ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். அவர்களுக்கு நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாகவே வந்தது. இதய நோய்களும் குறைந்தன. ஆயுளும் சிறிது கூடிற்று.

அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும் வாரத்திற்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதையும் இலக்காகக் கொண்டோரிடம் நோய் வரும் விகிதம் 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டோரிடம் 31 விழுக்காடு குறைந்தது.

மூன்றாவது, நம் சென்னையிலேயே டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள் ஆயினர். வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களில் அவ்வெண்ணிக்கை 39 ஆகக் குறைந்தது. அவர்களுடைய உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாத போதிலும் இப்பயன் கிட்டியது. “நான் ஒல்லிதானே, எடையைக் குறைக்க என்ன இருக்கிறது?” என்று கேட்போர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இவ்வெண்களை நேர்மையாகவே படிப்போம். முயன்றவர்களிலும் 39 பேருக்கு நோய் வந்தது. ஆகவே முயன்றால் வரவே வராது என்று உறுதியளிக்க எவராலும் இயலாது. எதுவும் செய்யாதிருந்தால் மூன்றே ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோர் நோயாளிகள் ஆவர் என்பதையும் அதே ஆய்வு காட்டுகின்றது. முயன்றும் நோய் வந்தவரை, “நீ சரியாக இருக்கவில்லை” என்று குடும்பத்தார் குறை கூறுதல் அறமாகாது. அவர் தாமதப்படுத்திய ஒவ்வோர் ஆண்டும் அவருடைய கண்ணுக்கும் சிறுநீரகத்திற்கும் இதயத்திற்கும் கிடைத்த ஆண்டு.

நம் தட்டு

புறத்தவங்கள் ஆறனுள் அவமோதரியம் ஒன்று. வயிறு நிறைய உண்ணாது குறைத்து உண்ணுதல். நிறைவான உணவை 32 கவளம் என்று கணக்கிட்டு, அதிலிருந்து குறைத்து உண்பது முனிவர் நெறி. ரசத்தியாகம் மற்றொன்று, பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றுள் சிலவற்றைத் துறத்தல். இவை ஆன்ம நலத்திற்காகச் சொல்லப்பட்டவை. நீரிழிவுக்கு மருந்தாகச் சொல்லப்பட்டவை அல்ல. ஆயினும் இவற்றைப் பழகிய குடும்பத்திற்கு, மருத்துவர் கூறும் உணவுமுறை அயலானதாக இராது.

நடைமுறையில் செய்யத்தக்கவை சில.

சோற்றை அடியோடு நிறுத்த வேண்டா. தட்டில் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்பட்டும்; கால் பங்கு பருப்பு, பயறு வகைகள்; எஞ்சிய கால் பங்கே சோறு அல்லது சப்பாத்தி. முதலில் காயையும் பருப்பையும் உண்டு, பின்னர்ச் சோற்றுக்குச் செல்வது சர்க்கரை விரைந்து ஏறுவதைத் தணிக்கும்.

புலால் உண்ணாத நமக்குப் புரதம் தருபவை பருப்பும் பயறும் பாலும் தயிருமே. துவரை, பாசிப்பயறு போன்றவற்றில், உலர்ந்த நிலையில், 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. நீர்த்த சாம்பாராக ஊற்றினால் அப்புரதத்தில் மிகச் சிறிதளவே நமக்குக் கிட்டும். கெட்டியான கூட்டாகவும் சுண்டலாகவும் உண்பது நலம். துவிதள நியமம் காப்போர் பயற்றை ஒரு வேளையிலும் தயிரை மறு வேளையிலும் வைத்துக்கொள்ளலாம்.

கிழங்குகளைத் தவிர்க்கும் நியமம் உடையோர்க்கு உருளைக்கிழங்கின் மாவுச்சத்து தட்டில் சேர்வதில்லை, நன்று. ஆனால் சில இல்லங்களில், பருவ நாட்களில் பச்சைக் காய்களையும் தவிர்ப்பதால் அன்றைய தட்டு சோறும் அப்பளமும் வறுவலுமாகச் சுருங்கிவிடுகின்றது. அந்நாட்களில் பயற்றின் அளவைக் கூட்டிச் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை ஆகியவை வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று என்று பலர் நம்புகின்றனர். இரத்தத்தை அடைந்தபின் இவற்றிடையே பெரிய வேறுபாடு இல்லை. பழத்தைக் கடித்து உண்ணலாம். சாறாகப் பிழிந்து அருந்த வேண்டா. கேழ்வரகும் கம்பும் நல்லவை. ஆனால் அவையும் மாவுச்சத்தே. கேழ்வரகுக் கூழை அளவின்றிக் குடித்துவிட்டு, “சிறுதானியம்தானே” என்றால் எண் ஒப்புக்கொள்ளாது. வெந்தயமும் பாகற்காயும் உணவாகட்டும். மருத்துவத்திற்கு மாற்றாக வேண்டா.

இரவுண்ணாமையும் உபவாசமும்

சூரியன் மறையுமுன் உண்டு முடித்தல் நமக்கு வாய்த்த பெருஞ்செல்வம். அமெரிக்காவில், முந்தைய நிலையில் இருந்த எட்டு ஆண்களை ஐந்து வாரம், பிற்பகல் மூன்று மணிக்குள் உண்டு முடிக்கச் செய்து ஆராய்ந்தனர். எடை குறையாமலேயே அவர்களுக்கு இன்சுலினின் ஆற்றல் மேம்பட்டது என்று 2018-இல் வெளியிட்டனர். எட்டே பேரிடம் நடந்த சிறிய ஆய்வாதலால் இதனைக் கொண்டு பெரிதாக உரிமை கொண்டாட வேண்டா. நம் வழக்கம் உடலுக்கு இசைந்தது என்று மகிழலாம்.

அவ்வழக்கத்தின் பயனை நாமே கெடுத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. ‘இனி இரவு முழுதும் பட்டினி’ என்ற எண்ணத்தில், மாலை ஆறு மணிக்கு அவசரமாக ஐந்தாறு தோசை உண்டு, உடனே அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பது. மாலை உணவு முன்னதாகவும் வேண்டும், அளவாகவும் வேண்டும், அதன்பின் சிறிது நடையும் வேண்டும்.

உபவாசம் பற்றிச் சில எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். அட்டமி, சதுர்த்தசி, தசலட்சண பருவம் ஆகிய நாட்களில் நோன்பிருப்போர் நம்மிடையே பலர். முந்தைய நிலையில் உள்ள, மருந்து எதுவும் உட்கொள்ளாத ஒருவர், பிற நோய்கள் இல்லாதிருப்பின், ஒரு நாள் உபவாசத்தால் பொதுவாகத் தீங்கு இல்லை. நோயாக மாறி மருந்து உட்கொள்வோர் நிலை வேறு. இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை உட்கொள்வோரும் உணவின்றி இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவிற்கு இறங்கிவிடக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்வோர் நீரும் அருந்தாது நோன்பிருந்தால், உடலில் நீர் வற்றுவதோடு இரத்தத்தில் அமிலம் சேரும் அபாயமும் உண்டு. இவர்கள் பருவத்திற்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கலந்து, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ளாமல் நோன்பு ஏற்கலாகாது. நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றின் நோன்பை நிறுத்திச் சர்க்கரை உட்கொள்வேன் என்னும் விலக்கையும் சொல்லியே நோன்பை ஏற்பது நலம். ஏகபுக்தம், ரசத்தியாகம் என்று ஆற்றலுக்கேற்ற நெறிகள் பல இருக்க, உயிருக்கு இடர் விளைவிக்கும் ஒன்றையே பற்ற வேண்டிய தேவையில்லை.

பாரணையின்போது வெல்ல நீரும் பாயசமும் கரும்புச் சாறும் முதலில் வயிற்றை நிறைக்க வேண்டா. அட்சய திருதியையன்று இட்சுரசம் வழங்கும் மரபை ஒரு மடக்கில் போற்றலாம். குவளை குவளையாக அருந்துவதால் அம்மரபிற்கு மிகுதியான சிறப்பு வந்துவிடாது.

ஆய்வகத்திற்குச் செல்வோர்க்கு ஒரு குறிப்பு. குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள் வழக்கமான உணவை உண்டிருக்க வேண்டும். உபவாசம் முடித்த கையோடு அச்சோதனையைச் செய்தால், உண்மையைவிடக் கூடுதலான எண் வரக்கூடும். பருவம் முடிந்து ஓரிரு வாரம் கழித்துச் செல்லுங்கள்.

மருந்து பற்றி ஒரு சொல். முந்தைய நிலையிலேயே சிலருக்கு மெட்ஃபார்மின் தேவை என்று மருத்துவர் கருதக்கூடும். அதனை அஞ்ச வேண்டா. ஆனால் அம்மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் பி12 வைட்டமின் குறையக்கூடும். தாவர உணவில் இயற்கையாகக் கிடைக்காத வைட்டமின் அது; பாலும் தயிருமே நமக்கு அதனைத் தருபவை. ஆகவே நம்மவர் இருமடங்கு கவனம் கொள்ள வேண்டும். கால் எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றினால் சர்க்கரையால் என்று மட்டும் எண்ணிவிடாமல், பி12 அளவையும் சோதிக்கக் கேளுங்கள்.

நடையும் உறக்கமும்

தசை உழைக்கும்போது, இன்சுலினை மிகுதியாக நம்பாமலேயே சர்க்கரையை உள்வாங்கும். வேறெந்த உணவு மாற்றமும் தராத பயன் இது. நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்திற்கு ஐந்து நாள், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்னும் வேகத்தில் நடத்தல் போதும். உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடை, அவ்வேளையின் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும். வாரத்தில் இரு நாள், நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் போன்ற தசைப் பயிற்சிகளும் வேண்டும். முதியோர்க்கு இவை வீழ்வதிலிருந்தும் காப்பு. உறக்கம் ஆறு மணிக்குக் குறைந்தால் இன்சுலினின் ஆற்றல் குன்றும். ஏழு மணி நேரம் உறங்க முயல வேண்டும். புகைப்பழக்கம் உள்ளவர் அதனை விட்டொழித்தல் கட்டாயம்.

குடும்பமும் அறக்கட்டளையும் செய்யத்தக்கவை

முப்பது வயதைக் கடந்தோர் அனைவரும் ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்வீராக. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை மிகுந்திருந்த பெண்கள், மகப்பேற்றுக்குப் பின் அது சீரானதாகத் தோன்றினாலும், வாழ்நாள் முழுதும் சோதனையைத் தொடர வேண்டும். மற்றவர்களைவிட அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பன்மடங்கு மிகுதி. குழந்தையின் தடுப்பூசி நாளை மறவாத குடும்பம், தாயின் சோதனை நாளை மறந்துவிடுகின்றது. முந்தைய நிலை உறுதியானவர்கள் ஆறு மாதத்திற்கொரு முறையோ மருத்துவர் சொல்லும்படியோ சோதிப்பதுடன், இரத்த அழுத்தத்தையும் கொழுப்பின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்காக மட்டும் தனிச் சமையல் செய்யும் வழக்கம் நீடிப்பதில்லை. சமைப்பவருக்குச் சுமை, உண்பவருக்குத் தண்டனை போலத் தோன்றும். நான் மேலே கூறிய தட்டு அனைவர்க்கும் உகந்தது. பெற்றோரில் ஒருவருக்கு முந்தைய நிலை இருப்பின் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், குடும்பம் முழுவதும் அத்தட்டிற்கு மாறுவதே முறை.

விருந்தோம்பலில் ஒரு சிறு திருத்தம் வேண்டுகின்றேன். “இன்னும் ஒரு கரண்டி, எனக்காக” என்று வற்புறுத்திப் பரிமாறுவதை நாம் அன்பின் அடையாளமாகக் கொண்டுள்ளோம். விருந்தினர் ‘போதும்’ என்றால் அச்சொல்லுக்கு மதிப்பளிப்பதும் அன்பே. தம் அறிக்கையைப் பற்றிப் பந்தியில் எல்லார் முன்னும் விளக்க எவரும் விரும்புவதில்லை.

அறக்கட்டளைப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழாப் பந்தியில் இரண்டு மூன்று இனிப்புகளுக்கு மாற்றாக ஒன்றை வைத்து, சுண்டலையும் காய்கறிக் கூட்டையும் கூட்டலாம். தசலட்சண பருவத்திற்கு ஒரு மாதம் முன்னர், நோன்பிருக்க விழைவோர்க்கு மருத்துவ ஆலோசனை முகாம் ஒன்று நடத்தலாம். இங்கு வந்திருக்கும் மருத்துவர்கள் பலரும் அதற்கு உதவ முன்வருவர் என்று நம்புகின்றேன், நானும் வருகின்றேன்.

இன்று வீட்டிற்குச் சென்றதும் பழைய அறிக்கைகளைத் தேடி எடுங்கள். 100-க்கு மேல், அல்லது 5.7-க்கு மேல் எண் உள்ள தாள் எதுவாயினும், அதன் தேதியைப் பாருங்கள். ஓராண்டு கடந்திருந்தால் இவ்வாரமே மீண்டும் சோதித்து, அத்தாளுடன் உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள்.